தலைக்கவசத்துக் குடுமி நீலமா, சிவப்பா?

கேள்வி, 2024 ஜூன் 8

மகனுடைய பள்ளி ஆண்டு விழாவில் மாரத்தான் போர் நாடகம். எட்டுச் சிறுவர்களுக்குக் கிரேக்க வீரர் உடை தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏதென்ஸ் சீருடை நீலம், ஸ்பார்ட்டா சீருடை சிவப்பு என்று ஓரிடத்தில் படித்தேன். தலைக்கவசத்துக் குடுமி நெற்றியிலிருந்து பிடரிவரை ஓடினால் சாதாரண வீரன், காதுக்குக் காது குறுக்காக நின்றால் தளபதி என்றும் இருந்தது. இரண்டும் சரிதானா? துணி வாங்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

2024 ஜூன் 8, இரவு

இரண்டும் சரியில்லை. நீலத் துணி வாங்காதீர்கள்.

ஏதென்ஸுக்குச் சீருடையே கிடையாது. மாரத்தானில் கி.மு. 490-இல் பாரசீகரை எதிர்த்து நின்ற ஏதென்ஸ்காரர்கள் சம்பளப் பட்டாளம் அல்லர். நிலம் வைத்திருந்தவன், குயவன், எண்ணெய் வியாபாரி என்று அவரவர் காசில் அவரவர் வாங்கிய கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். அப்பன் விட்டுப்போன தலைக்கவசத்தை மகன் போட்டுக்கொண்டிருப்பான். அடுத்து நின்றவனிடம் புதிய பாணி இருக்கும். அதற்கும் அடுத்தவனிடம் மார்க்கவசமே இருக்காது. எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி தைத்தால்தான் தவறு.

குறுக்குக் குடுமி உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது பதவிச் சின்னம் என்று எந்தக் கிரேக்க ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. ரோமானிய செஞ்சூரியனுக்கு, அதாவது நூற்றுவர் தலைவனுக்கு, குறுக்குக் குடுமி உண்டு. அதைத் தூக்கிக் கிரேக்கன் தலையில் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு சிறு வெண்கலச் சிலை இருக்கிறது. மேலாடையை இழுத்துப் போர்த்தி, நீண்ட பின்னல்களோடு, குறுக்குக் குடுமி வைத்த வீரன். ஸ்பார்ட்டாக்காரன் என்பார்கள். தளபதி என்பது பார்ப்பவர்களின் ஊகம்.

2024 ஜூன் 9

நேற்று எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எதை வாங்கலாம் என்று சொல்லாமல் போய்விட்டேன்.

ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் அரிஸ்டியோன் என்பவனின் கல்லறைக் கல் இருக்கிறது. கி.மு. 510-ஐ ஒட்டியது, மாரத்தானுக்கு ஏறக்குறைய 20 ஆண்டு முந்தையது. கிடைத்த இடமும் ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா வட்டாரத்தின் கிழக்குக் கரைப் பக்கம்தான். கையில் ஈட்டி, தலையில் கவசம், தோளிலிருந்து பட்டைகள் இறங்கி மார்பில் கட்டிக்கொள்ளும் மார்க்கவசம், அதன் கீழே எட்டிப்பார்க்கும் மெல்லிய மடிப்புத் துணி, முழங்காலுக்குக் கீழே கால்கவசம். கல்லில் வண்ணத் தடயங்களும் உண்டு. இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு தைத்தால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது. நான் மட்டும் சொல்வேன்.

குடுமிக்கு வெள்ளையே பாதுகாப்பானது. லெஸ்போஸ் தீவுக் கவிஞர் அல்கையோஸ் ஆயுதக் கூடத்தைப் பாடும்போது, பளபளக்கும் கவசங்களின் மேலிருந்து வெள்ளைக் குதிரைமயிர் அசைந்து தொங்குவதாகச் சொல்கிறார். கறுப்பும் வைக்கலாம். குதிரைவாலுக்கு இயற்கையில் என்னென்ன நிறம் உண்டோ அத்தனையும் வைக்கலாம்.

பானை ஓவியங்களை நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள். அந்த ஓவியனிடம் இருந்தவை களிமண்ணின் செம்மை, கறுப்பு, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கருஞ்சிவப்பு. அவன் நீலம் வைக்கவில்லை என்பதால் உலகில் நீலம் இல்லை என்றாகாது. சிவப்பு வைத்தான் என்பதால் குடுமி சிவப்பு என்றும் ஆகாது. ஆனால் நகாசை நம்பலாம். வாத்திகனில் உள்ள, எக்செக்கியாஸ் என்ற பானை ஓவியனின் ஜாடியில் டிராய்ப் போர் வீரர்கள் அக்கிலீஸும் அயாக்ஸும் காய் உருட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்த மேலாடைகளின் பூவேலையைப் பாருங்கள். கல்யாணப் பட்டுச் சேலை தோற்றுவிடும். போருக்குப் போகிறவன் எளிமையாகப் போனான் என்று நினைப்பது நாம்.

2024 ஜூன் 9, பிற்பகல்

வெண்கலம் பச்சை அல்ல. ஒரு நண்பர் பச்சை வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அது 2,500 ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததால் ஏறிய களிம்பு. செம்போடு பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த புது வெண்கலம் பொன் நிறத்தில் மின்னும். தேய்த்து வைத்த குத்துவிளக்கின் நிறத்தை ஒட்டி அடியுங்கள்.

2024 ஜூன் 12

தலைகுனிந்து ஒரு திருத்தம். "சீருடையே கிடையாது" என்று நான் எழுதியது ஏதென்ஸுக்கு நிற்கும். சேலத்து நண்பர் ஸ்பார்ட்டாவைச் சொல்லிக் காதைத் திருகியிருக்கிறார். நியாயம்தான். ஸ்பார்ட்டாவை நன்கு அறிந்த ஏதென்ஸ் எழுத்தாளர் ஜெனோஃபோன் அங்கே வீரர்களுக்குச் சிவப்பு உடையும் வெண்கலக் கேடயமும் விதிக்கப்பட்டிருந்ததாக எழுதுகிறார். சிவப்பு பெண்மைக்கு மிகத் தூரமான நிறம், போருக்கு ஏற்றது என்று காரணமும் சொல்கிறார். ரத்தக்கறை எதிரிக்குத் தெரியக்கூடாது என்ற காரணம் புளூட்டார்க்கிடம் வருவது. அவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பள்ளிப் புத்தகங்கள் இரண்டாவதைத்தான் விரும்புகின்றன. ரத்தம் இருந்தால் கதை ஓடும்.

கேடயத்தில் "Λ" போன்ற கூரை வடிவ எழுத்து ஸ்பார்ட்டாவின் முத்திரை என்பதற்கு ஆதாரம் யூபோலிஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியரின் ஒரு துணுக்கு, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதை வைத்துக்கொண்டு தெர்மோபிலேயில் கி.மு. 480-இல் பாரசீகரை எதிர்த்து நின்ற 300 ஸ்பார்ட்டாக்காரர்களுக்கும் அதே எழுத்தைப் பூசுவது திரைப்படக்காரர்களின் அவசரம்.

உங்கள் நாடகத்துக்கு இது தேவையில்லை. மாரத்தானுக்கு ஸ்பார்ட்டாக்காரர்கள் வந்து சேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது. கிடந்த பாரசீகர்களைப் பார்த்துவிட்டுப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஒரு சிறுவன் சிவப்பு உடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கடைசிக் காட்சியில் தாமதமாக ஓடி வரச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 13

இன்னொன்றும் இடிக்கிறது. சீருடை இல்லை, கேடய அடையாளமும் அவரவர் விருப்பம் என்றால், கைகலப்பில் யார் நம்மவன் என்று எப்படித் தெரியும்?

பல நேரம் தெரியவில்லை என்பதுதான் பதில். கி.மு. 413-இல் சிரக்கூஸ் அருகே எப்பிப்போலே மேட்டில் ஏதென்ஸ் படை இரவில் தாக்கியது. நிலவு இருந்தும் உருவம் தெரிந்ததே தவிர ஆள் தெரியவில்லை என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஒருவரை ஒருவர் அடையாளச் சொல் கேட்டுக் கேட்டே அந்தச் சொல் எதிரிக்கும் தெரிந்துபோனது. ஏதென்ஸ் பக்கம் நின்ற ஆர்கோஸ்காரர்கள் போர்ப்பாட்டு எடுத்தார்கள். அது டோரியர் என்ற கிரேக்க இனப்பிரிவின் மெட்டு, எதிரிகளுடைய மெட்டும் அதுவே. சொந்தப் படையே அரண்டு ஓடியது. நண்பர்கள் நண்பர்களையே வெட்டிக்கொண்டார்கள்.

அடுத்த நூற்றாண்டில் ஊர் முத்திரைகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. கொரிந்து மதில்களுக்கு இடையே நடந்த சண்டையில் ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான சிகியோன்காரர்கள் ஆர்கோஸ்காரர்களிடம் தோற்று ஓட, பாசிமாகஸ் என்ற ஸ்பார்ட்டாக் குதிரைப்படைத் தலைவன் தன் ஆட்களோடு இறங்கி, குதிரைகளை மரத்தில் கட்டிவிட்டு, சிகியோன்காரர்களின் கேடயங்களைப் பிடுங்கிக்கொண்டு எதிர்த்து நடந்தான். கேடயத்தில் சிகியோனின் முதலெழுத்து. ஆர்கோஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, சிகியோன்காரர்கள்தானே என்று அலட்சியமாக வந்தார்கள். "இந்த எழுத்து உங்களை ஏமாற்றப்போகிறது" என்று சொல்லிக்கொண்டே மோதினானாம். சொன்னபடி ஏமாற்றவும் செய்தது. ஆனால் பாசிமாகஸும் அங்கேயே செத்தான்.

2024 ஜூன் 20

இப்போது என் சொந்தக் கதை. நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 2019-இல் 11 நாள் கிரீஸ் போய்வந்தேன். நாஃப்பிலியோவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் கொரிந்திய பாணித் தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்தேன். கொரிந்திய பாணி என்றால் கண்ணுக்கு வாதுமைக்கொட்டை வடிவில் இரண்டு துளை, நடுவில் மூக்குக்குக் கீழிறங்கும் தகடு, மற்றபடி முகம் முழுவதும் மூடிக்கொள்ளும். காதுக்குத் துளையே கிடையாது.

மாட்டியவுடன் கடல் இரைச்சல். சங்கைக் காதில் வைத்தாற்போல. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. மனைவி எதிரே நின்று வாயசைக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. பக்கவாட்டில் இருந்த அலமாரியைப் பார்க்கக் கழுத்தையே திருப்ப வேண்டியிருந்தது. திருப்பியபோது குடுமி ஒரு பீங்கான் ஆந்தையைத் தட்டிவிட்டது. அந்த ஆந்தைக்கு 14 யூரோ கொடுத்தேன். உடைந்த ஆந்தையை ஒட்டி இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் கவசம் மூன்று கிலோ இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு ஒருவன் எட்டுக் கிலோமீட்டர் நடந்து போய்ச் சண்டையும் போட்டான் என்றால் அவன் கழுத்து எப்படிப்பட்டது என்று வியந்தேன்.

2024 ஜூன் 21

வியந்தது வீண். அசல்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். கடைப் பொருள் தடித்த தகட்டில் செய்தது, செய்தவனுக்கு அவசரம். பழைய கொல்லன் ஒரே வெண்கலத் துண்டை அடித்தடித்துக் கிண்ணமாக்கி, மேலும் அடித்துத் தலையாக்கினான், ஒட்டே கிடையாது. மூக்குத் தகட்டையும் முகத்து விளிம்பையும் தடிப்பாக விட்டு, அடி அதிகம் விழாத இடத்தை மெலியவைத்தான்.

என் சித்தப்பா பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். தகட்டை அடிக்க அடிக்க அது முறுக்கேறும், நெருப்பில் காட்டி இளக்காமல் மேலே அடித்தால் கீறிவிடும் என்பார். பள்ளி விடுமுறையில் துருத்தி ஊதியவன் நான். வெண்கலத்துக்கும் அதே பாடுதான். ஒரு தலைக்கவசத்துக்கு எத்தனை முறை அடித்து, எத்தனை முறை இளக்கியிருப்பான்! ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் வரிசையாக அவற்றைப் பார்த்தபோது எனக்குப் போர் நினைவு வரவில்லை. சித்தப்பாவின் பட்டறைச் சத்தம்தான் வந்தது.

காது கேட்காதவர்களை எப்படி நடத்திப்போனார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றும் நடத்தவில்லை. எக்காளம் ஊதினால் முன்னே போக வேண்டும். எல்லோரும் சேர்ந்து போர்ப்பாட்டுப் பாட வேண்டும். பக்கத்தில் இருப்பவனின் கேடயத்தை ஒட்டி நிற்க வேண்டும். நுணுக்கமான ஆணைகள் போட அதில் இடமே இல்லை. கி.மு. 418-இல் மாண்டினியாவில் ஸ்பார்ட்டாக்காரர்கள் குழலோசைக்குத் தாளம் தப்பாமல் மெல்ல நடந்து வந்தார்கள், தெய்வத்துக்காக அல்ல, வரிசை கலையாமல் இருக்கத்தான் என்று துசிடிடீஸ் மெனக்கெட்டு விளக்குகிறார்.

2024 ஜூன் 24

மில்டியாடீஸின் தலைக்கவசத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்த்தேன். அதற்காகத்தான் ஒலிம்பியாவுக்கே போனேன். மாரத்தான் தளபதியின் பெயர் விளிம்பில் பொறித்திருக்கிறது, "மில்டியாடீஸ் ஸீயஸுக்குக் காணிக்கையாக்கினான்" என்று. அரிக்கப்பட்டு, அங்கங்கே தின்னப்பட்டு, எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. மாரத்தானில் அவன் தலையில் இருந்தது இதுதான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. எந்தப் போர் என்றே அதில் இல்லை.

அதே அருங்காட்சியகத்தில் கூம்பு வடிவக் கீழைத்தேசத் தலைக்கவசம் ஒன்று உண்டு. "மேதியரிடமிருந்து எடுத்து ஏதென்ஸ்காரர்கள் ஸீயஸுக்கு" என்று அதில் எழுத்து. மேதியர் என்றால் அவர்கள் பேச்சில் பாரசீகர். எனக்கு மில்டியாடீஸைவிட இதுதான் தொட்டது. முகம் மூடாதது, இலேசானது. இதை மாட்டியிருந்தவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

2024 ஜூலை 2

தலைக்கவசம் அணியாத நேரத்தில் அதை என்ன செய்தார்கள்? பின்னுக்குத் தள்ளி நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். கொரிந்து நாணயங்களில் அதீனா தேவி அப்படித்தான் இருக்கிறாள். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸின் மார்பளவுச் சிலையிலும் அப்படித்தான். அவருக்குத் தலை நீளமாக இருந்ததாம். அதை மறைக்கவே சிற்பிகள் எப்போதும் கவசத்தோடு வடித்தார்கள் என்கிறார் புளூட்டார்க். காட்டு வெங்காயத் தலையன் என்று நகைச்சுவைக் கவிஞர்கள் கூப்பிட்டார்கள்.

இத்தாலிக்குப் போன பிறகு இந்தப் பழக்கம் விநோதமாக முற்றியது. அங்கே தெற்கில், நெற்றியில் ஏற்றிய நிலையிலேயே அணியும்படி கொரிந்திய கவசத்தைச் செய்யத் தொடங்கினார்கள். கண் துளைகளும் மூக்குத் தகடும் நெற்றிக்கு மேலே வெறும் அலங்காரமாக நின்றன. பல கவசங்களில் துளையே போடாமல் கோடு மட்டும் இழுத்தார்கள். பயன் போய்விட்டது, முகம் மட்டும் மிச்சம். காலர் இல்லாத சட்டையில் டை வரைந்து விற்கிறார்களே, அதன் மூதாதை இது.

2024 ஜூலை 2, சற்றுப் பின்

குடுமி எதற்கு என்று உங்கள் மகன் கேட்டால்: உயரமாகத் தெரிய, எதிரியை மிரட்ட. ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் போருக்குப் போகும்முன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைமேல் அசையும் குதிரைமயிரைப் பார்த்துக் குழந்தை அலறித் தாதியின் மார்பில் முகம் புதைத்துக்கொள்கிறது. அப்பனும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு முத்தமிடுகிறான். அந்தக் கவசத்தைப் பற்றி இதற்குமேல் யாரும் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

2024 ஜூலை 15

இடைப்பட்ட நாளில் இரண்டு பேர் சண்டை போட்டு ஓய்ந்திருக்கிறீர்கள். ஒருவர், கிரேக்கக் காலாட்படை வீரனைக் குறிக்கும் "ஹோப்லைட்" என்ற பெயர் "ஹோப்லான்" என்னும் கேடயத்திலிருந்து வந்தது என்கிறார். நானும் பல ஆண்டு அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. கேடயத்துக்குக் கிரேக்கர்கள் சொன்ன பெயர் ஆஸ்பிஸ். ஹோப்லா என்பது பன்மையில் ஆயுதம், தளவாடம் அனைத்தையும் குறிக்கும். ஆக ஹோப்லைட் என்றால் கேடயக்காரன் அல்லன், முழுத் தளவாடக்காரன்.

அந்தக் கேடயம் சுமார் 90 சென்டிமீட்டர் குறுக்களவு, ஏழு கிலோ அளவில் எடை. மரம், மேலே சிலவற்றில் வெண்கலத் தகடு. நடுவில் உள்ள வளையத்துக்குள் முழங்கைவரை நுழைத்து, விளிம்பில் உள்ள கயிற்றைக் கையால் பிடிக்க வேண்டும். அட்டையில் செய்யும்போது இந்த இரட்டைப் பிடியை மறக்காதீர்கள். நடுவில் ஒரே கைப்பிடி வைத்தால் அது வேறு நாட்டுக் கேடயம்.

கால்கவசத்துக்கு வார் கிடையாது. வெண்கலத்தின் விறைப்பே காலைக் கவ்விக்கொள்ளும். அட்டைக்கு அந்த விறைப்பு வராது; உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தையுங்கள். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

2024 ஜூலை 28

துணிக் கவசம் பற்றி. பல மடிப்பு நார்த்துணியைப் பசைபோட்டு ஒட்டிக் கவசம் செய்தார்கள் என்று உறுதியாக எழுதியிருக்கிறார் ஒருவர். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் குழு அப்படிச் செய்து அம்பெய்து பார்த்தது உண்மை. அம்பைத் தாங்கியதும் உண்மை. ஆனால் செய்ய முடிகிறது என்பதும், செய்தார்கள் என்பதும் ஒன்றல்ல. பசைக்கு நேரடிச் சான்று சொல்லும்படி இல்லை. மடித்துத் தைத்திருக்கலாம், இறுக்கமாக நெய்திருக்கலாம், பல ஓவியங்களில் தெரிவது தோலாகவே இருக்கலாம். நார்த்துணிக் கவசம் இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. இலியட்டே சொல்கிறது, அல்கையோஸும் சொல்கிறார்.

எனக்குப் பிடித்தது எகிப்து அரசன் அமாசிஸ் அனுப்பிய கவசம். ஸ்பார்ட்டாவுக்கு ஒன்று, ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் கோயிலுக்கு ஒன்று. நெய்த உருவங்கள், பொன்னிழை, "மரத்துக் கம்பளி" இழை. ஒவ்வொரு நூலும் 360 புரி கொண்டது, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். மரத்துக் கம்பளி என்றால் பருத்தி. இந்தியாவில் காட்டு மரங்கள் ஆட்டு மயிரைவிட அழகான கம்பளியைக் காய்க்கின்றன என்று வேறிடத்தில் எழுதுபவரும் அவரே. பாரசீக அரசன் செர்க்ஸிஸின் படையில் வந்த இந்தியர்கள் பருத்தி உடையில், மூங்கில் வில்லோடு வந்தார்கள்.

2024 ஜூலை 29

இந்தியா என்ற சொல்லைப் போட்டது என் தவறு. ஒரே இரவில் நான்கு பேர் முல்லைப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டீர்கள். "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து, வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்." அரசனின் பாசறையில் காவல் நின்ற யவனர்கள். அழகான வரி, நானும் மயங்குகிறேன். ஆனால் மெய்ப்பையை இழுத்துக் கிரேக்க மார்க்கவசம் ஆக்காதீர்கள். மெய்ப்பை என்றால் சட்டை என்பதே வழிவழியாக வந்த பொருள். மேலாடை தைத்துப் போடாத நாட்டில் உடம்பு முழுவதையும் பைக்குள் நுழைத்தாற்போல் நின்றவன் பார்ப்பதற்கே பயங்கரமாக இருந்திருப்பான். மாரத்தானுக்கும் அந்தப் பாசறைக்கும் இடையே குறைந்தது ஐந்து நூற்றாண்டு. வந்தவன் கிரேக்கம் பேசிய ரோமானியக் குடியாகவும் இருக்கலாம். அதே அடிகளில் வரும் "மத்திகை", குதிரைச் சாட்டை, கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததென்று அறிஞர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். தலைக்கவசத்தைப் பற்றிப் புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த இழை இன்னும் இரண்டு மாதம் ஓடும்.

2024 ஆகஸ்ட் 11

முகம் மூடிய கவசம் ஏன் வழக்கொழிந்தது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. படிப்படியாகத்தான். காதுக்கு இடம் வெட்டிய சால்கிடிய பாணி வந்தது. கடைசியில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பார்ட்டாக்காரர்களே பிலோஸ் என்ற கூம்புக்கு வந்துவிட்டார்கள். பெயர் ஆட்டுமயிர்த் தொப்பியுடையது. அதே வடிவத்தில் வெண்கலம். முகம் திறந்தது, காது திறந்தது. மார்க்கவசத்தையும் பலர் விட்டுவிட்டார்கள். கவனித்துக் கேட்கும், திரும்பும், ஓடும் வீரன் தேவைப்பட்டான். காசும் மிச்சம்.

விலையும் கொடுத்தார்கள். கி.மு. 425-இல் ஸ்ஃபாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸ் படையிடம் சிக்கியபோது, அவர்களுடைய பிலோஸ்கள் அம்பைத் தடுக்கவில்லை என்கிறார் துசிடிடீஸ். தீவில் இறங்கிய 420 பேரில் 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். சரணடையும் ஸ்பார்ட்டன் என்பதையே அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அங்கே பறித்த வெண்கலக் கேடயம் ஒன்று ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கே யாரிடம் எடுத்தது என்று புள்ளிபுள்ளியாகக் குத்தி எழுதியிருக்கிறார்கள். நசுங்கிப்போயிருக்கிறது. அதில் கூரை எழுத்து ஏதும் இல்லை, நானே குனிந்து பார்த்தேன்.

2024 ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதில் ஒரு சிக்கல். துசிடிடீஸ் சொன்ன பிலோஸ் வெண்கலமா, வெறும் மயிர்த்தொப்பியா, கவசத்துக்கு உள்ளே வைத்த திண்டா என்று அந்த வாக்கியத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. நான் "விலை கொடுத்தார்கள்" என்று அடித்துச் சொன்னதை "கொடுத்திருக்கலாம்" என்று மாற்றிப் படியுங்கள்.

2024 செப்டம்பர் 3

ஒரு பழைய சிரிப்பை விழுங்க வேண்டியிருக்கிறது. நாஃப்பிலியோ அருங்காட்சியகத்தில் டெண்ட்ரா கவசம் இருக்கிறது. 1960-இல் கல்லறையில் கிடைத்தது, கி.மு. 15-ஆம் நூற்றாண்டு, மாரத்தானுக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. கழுத்திலிருந்து தொடைவரை வெண்கல வளையங்கள், கூடவே காட்டுப்பன்றித் தந்தங்களை வரிசையாகத் தைத்த தலைக்கவசம். பார்த்ததும், "பானைக்குள் ஆள், சடங்குக்குச் செய்தது, இதை மாட்டினால் கையைக்கூடத் தூக்க முடியாது" என்று பக்கத்தில் நின்றவரிடம் நக்கலடித்தேன்.

இந்த ஆண்டு மே மாதம் வெளியான ஆய்வில், கிரேக்கக் கடற்படை வீரர்கள் 13 பேர் அதன் படியை மாட்டிக்கொண்டு, வெப்பக் கணக்கும் உணவுக் கணக்கும் வைத்து, 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்து முடித்தார்கள். கையைத் தூக்கினார்கள், ஈட்டியும் வீசினார்கள். நேற்றுப் பசைக் கவசத்துக்கு நான் சொன்னதையே எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்: முடிகிறது என்பதால் செய்தார்கள் என்றாகாது. ஆனால் முடியாது என்று சொன்னவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"நேற்று" அல்ல, ஜூலை 28. எனக்கு எல்லாம் நேற்றுதான்.

பன்றித் தந்தக் கவசத்தை இலியட்டும் வர்ணிக்கிறது, ஒடிசியஸின் தலையில். அந்தப் பாட்டு உருப்பெற்ற காலத்தில் அப்படியொன்றை அணிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பல நூற்றாண்டு பழைய பொருளின் நினைவு சொல்லில் தங்கியிருக்கிறது.

2024 அக்டோபர் 6

விழா முடிந்தால் எட்டுத் தலைக்கவசங்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் கி.மு. 421-இலேயே ஒரு நாடகத்தில் யோசித்து வைத்திருக்கிறார். சமாதானம் வந்துவிட்டதே என்று ஆயுத வியாபாரிகள் புலம்பிக்கொண்டு வருகிறார்கள். மேசை துடைக்கிறேன் என்று குடுமியை வாங்கப் பார்க்கிறான் நாயகன், விலையாக உலர்ந்த அத்திப்பழம். பிறகு மயிர் உதிர்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஆயிரம் டிராக்மா மார்க்கவசத்தைக் கழிப்பதற்கு வைத்துக்கொள்கிறேன் என்று அதன்மேல் உட்கார்ந்தும் காட்டுகிறான். தலைக்கவசங்களை எகிப்துக்கு அனுப்பச் சொல்கிறான், பேதி மருந்து அளக்க. எல்லோரும் தம் காசில் கவசம் வாங்கிய ஊரில் இந்த நகைச்சுவை எப்படி எடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2024 அக்டோபர் 9

கேடயத்தில் என்ன வரைவது என்று மகன் கேட்கிறானாம். சிங்கம், சேவல், மெதூசாவின் தலை, பறக்கும் குதிரை, மூன்று கால்கள் சுழல்வது, எல்லாமே பானைகளில் உண்டு. ஏதென்ஸ் தளபதி அல்கிபியாடீஸ் பொன் கேடயத்தில் இடி ஏந்திய காமதேவனை வரைந்துகொண்டதாகவும், பெரியவர்கள் முகம் சுளித்ததாகவும் புளூட்டார்க் எழுதுகிறார்.

அவரே சொல்லும் இன்னொன்று: ஒரு ஸ்பார்ட்டன் தன் கேடயத்தில் உண்மை அளவில் ஓர் ஈயை மட்டும் வரைந்திருந்தான். யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று கேலி செய்தார்கள். "இது என்ன அளவு என்று எதிரிக்குத் தெரிகிற தூரத்துக்கு நான் நெருங்கிப் போவேன்" என்றானாம்.

2024 டிசம்பர் 16

விழாப் படங்களுக்கு நன்றி. எட்டுப் பேரும் எட்டு விதம். இரண்டு குடுமி வெள்ளை, ஒன்று தென்னை நார் என்று தெரிகிறது, அது நன்றாகவே இருக்கிறது. எலாஸ்டிக்கையும் பார்த்துவிட்டேன். திரைமறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தது இரண்டு பேருக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொரிந்திய பாணிதான் வேண்டும் என்று கேட்டது நீங்கள்.

உங்கள் மகன் கடைசியில் ஈயைத் தேர்ந்தெடுத்தானாம். வெறும் கேடயத்தோடு வந்தானே, வண்ணம் வாங்கக் காசில்லையா என்று மூன்றாம் வரிசையில் இருந்த பாட்டி கேட்டாராம். மேடைக்கு அருகில் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று பையன் சொன்ன பதில் சரியே.